அளவு டேப்போடு எடுத்த படம்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. மூன்று வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யாராவது ஒருவர் இறங்கி வரத்தானே வேண்டும்? மூத்தவள், நானே வருகிறேன்.

இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் உனக்கு என்று பிரித்துக்கொண்ட நம் வீட்டின் பொது வாசல் மரத்தில் ஒரு மரங்கொத்தி குடிவந்திருக்கிறது. வெட்டியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாயே, அதே மரம். "கார் உள்ள வரணும். மரமா நானா, சொல்லு" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் விமானம் ஏறினாய். நல்ல மரத்தை வெட்ட அனுமதி கிடையாது என்று நகராட்சியில் சொன்னதற்கு நான் என்ன செய்வேன்? நானும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை.

தலையில் சிவப்புக் கொண்டை, எந்நேரமும் அவசரம். கொண்டைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நான் தையல் மிஷினை மிதித்தால் அவர் கொத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். நான் நிறுத்தினால் அவர் ஆரம்பிக்கிறார். அலமாரியில் நீ விட்டுப்போன கேமராவை எடுத்தேன், கோபிக்காதே. முதல் ரோலில் பாதி என் கட்டைவிரல். தேறியதில் ஒன்று இத்துடன் இருக்கிறது.

நாலு வரி பதில் போடு, போதும்.

உன் அன்பு அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

படத்தைப் பார்த்துச் சிரித்தேன். பறவையைவிட உன் விரல்தான் தெளிவாக இருக்கிறது. கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. எழுதக் கூச்சம், அவ்வளவுதான். மரத்தைப் பற்றிய பேச்சே இனி வேண்டாம்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவருக்குப் பறவைப் பைத்தியம். படத்தைக் காட்டினேன், ஆளை விடமாட்டேன் என்கிறார். பொந்து எவ்வளவு அகலம் என்று தெரியவேண்டுமாம். உன் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துக் கிட்டத்தில் எடு. பழைய ஓட்டைகள் இருந்தால் அவற்றையும் எடு. மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி, வீட்டுச் சுவரையும் சேர்த்து ஒன்று.

ஜூனில் வருகிறேன். நீ தைத்த சட்டை போட்டு எவ்வளவு நாளாயிற்று! ஒன்று தைத்து வை.

உன் தம்பி


மார்ச் 10

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டேன். "தம்பி லெட்டரா, லாட்டரியா?" என்று எதிர்வீட்டு டீச்சர் கேலி செய்கிறார்.

நீ கேட்டபடியே எடுத்திருக்கிறேன். டீச்சர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பாத்து ஏறுங்க, விழுந்தா என்னைத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்க" என்று ஒரே புலம்பல். நான் டேப்பை நீட்டியதும் கொண்டைக்காரர் தலையை வெளியே விட்டு, இன்ச்சைப் படிக்கிற மாதிரி பார்த்தார். உள்ளே முட்டை இருக்கும்போல. அவரும் அவர் வீட்டுக்காரியும் முறைவைத்து உட்காருகிறார்கள்.

உன் நண்பருக்கு வேறென்ன வேண்டுமானாலும் கேட்கச் சொல். சட்டைக்கு நீலக் கோடு போட்ட துணி எடுத்துவிட்டேன். உன் தோளளவு எனக்குத் தெரியும். கழுத்து பெருத்திருந்தால் மட்டும் எழுது.

உன் அன்பு அக்கா


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நேற்றுக் காலை நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "மரம் உளுத்துப்போச்சும்மா. வீட்டு மேல விழும்னு உங்க தம்பி மனு குடுத்திருக்காரு." நான் சிரித்தேன். வேறு யாரோ, விலாசம் மாறி வந்துவிட்டீர்கள் என்றேன்.

அதிகாரி மனுவோடு வந்த படங்களைக் காட்டினார். ஓட்டை ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் மஞ்சள் டேப். ஒன்றின் மூலையில் என் கட்டைவிரல்.

"இதெல்லாம் யாரும்மா எடுத்தது?"

"நான்தான்."

"அப்புறம் என்னம்மா ஆட்சேபம்?"

படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வழிவிட்டேன்.

மரம் வெட்ட வந்தவர் பாதியில் ரம்பத்தை நிறுத்திவிட்டார். "உள்ள குஞ்சு கத்துது சார். ஒரு வாரம் பொறுத்து வரலாமே" என்று எனக்காக அவர் கெஞ்சினார். அதிகாரி கேட்கவில்லை. பொந்து இருந்த துண்டை மட்டும் மரம் வெட்ட வந்தவர் முழுசாக அறுத்து, நம் மதில் மேல் நிமிர்த்திக் கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் கொண்டைக்காரர் அலகில் இரையோடு வந்தார். மரம் நின்ற இடத்தில், வெறும் காற்றில், ஒரு சுற்று சுற்றினார். உட்கார இடமில்லை. மதிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இன்று காலை துண்டுக்குள் சத்தம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பறவைப் பைத்தியம் என்று அங்கே யாராவது இருக்கிறாரா?

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். ஆனால் நேரில் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாயா, சொல்? நாளைக்கு அது உன் தலையில் விழுந்தால் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்வேன்? உன் நல்லதுக்கும்தான் செய்தேன். பறவை வேறு மரம் பார்த்துக்கொள்ளும். இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஜூனில் வந்ததும் உன்னைக் காரில் ஏற்றி ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன். சட்டை முடிந்துவிட்டதா? கழுத்து இப்போது பதினாறு.

உன் தம்பி


மே 8

தம்பிக்கு,

நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை.

வெட்டிய அடிமரத்தைப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலம்தான் உளுத்திருந்தது. மற்றதெல்லாம் இரும்பு. என் டேப்பால்தான் அளந்தேன்.

மரம் போனதுகூட ஆறிவிடும். உன் பிப்ரவரிக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அதை நினைத்தால்தான் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஓர் ஓட்டைகூட விடாமல் நானே ஏணி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தேனே, தம்பி கேட்டான் என்று.

சட்டையை மரம் வெட்டியவருக்குக் கொடுத்துவிட்டேன். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, பிடித்துக் கொடுத்தேன். உன் கேமரா பார்சலில் வருகிறது.

மரமா நானா என்று கேட்டாய். எனக்கு இப்போது இரண்டும் இல்லை. ஜூனில் வா, உன் வாசல், காரை நிறுத்திக்கொள். என் பக்கத்துக் கதவை மட்டும் தட்டாதே.

இப்படிக்கு,
இடப்பக்கத்து வீட்டுத் தையல்காரி