கழலாத பித்தளைக் கொக்கி

நண்பா,

இரண்டு நாளாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. தொண்ணூறு வயதில் இப்படி வீட்டுக்குள் அலைந்தால் மகள் டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்க்கிறாள். நீ போய் ஆறு வருஷமாகிறது. இருந்திருந்தால் உன்னிடம் நேரிலேயே வந்திருப்பேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். நீ இருந்த காலமெல்லாம் வாய் திறக்காதவன் இப்போது வந்திருப்பேனாம்!

எல்லாம் என் பேத்தி கவிதாவால் வந்தது. மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், முப்பது வயதாகிவிட்டது. மீன் பிடிப்பதற்கென்று ஒரு கயாக் வாங்கி வந்திருக்கிறாள். ஒருவர் மட்டும் உட்காரும் பிளாஸ்டிக் படகு, மாம்பழ மஞ்சள். அதற்குரிய சாமான்களைக் கார் நிறுத்துமிடத்தில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டினாள். தூண்டிலைச் செருகி வைக்க ஒரு குழாய், மீனைப் போட ஒரு பை, தண்ணீர் இறைக்க ஒரு பம்பு. கடைசியாக நங்கூரத்தை எடுத்தாள். "தாத்தா, இதைப் பாருங்களேன். கடல் மோசமாச்சுன்னா இந்தக் கயித்த இழுத்தா போதும், நங்கூரம் கழண்டுக்கும். எந்திரிக்கவே வேணாம். மெதவை கட்டியிருக்கு லா, அப்புறமா வந்து எடுத்துக்கலாம். எப்படி யோசிச்சிருக்கான் பாருங்க" என்றாள்.

யார் யோசித்தது என்று எனக்குத் தெரியும். நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருஷத்தில், இதே காஜா பெராங்கில், பஸ் பட்டறை வேலை முடிந்து கை கழுவாமல் வந்து உட்கார்ந்து நீ யோசித்தாய். அதை அவளிடம் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

நம் சம்பான், அந்தச் சின்ன மரப்படகு, நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்பது அபத்தம். ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இடமில்லாத அந்த ஒல்லிச் சம்பானை இருவரும் சேர்ந்து வாங்கி, கிளேபாங் கரையில் மீன்பிடிக்கும் பாக் மாட் வீட்டுத் தென்னையடியில் போட்டு வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு உனக்கு, ஒரு ஞாயிறு எனக்கு. சம்பான் பொது, சாமான்களில்தான் சண்டை. உனக்குக் கடையில் வாங்கும் எதுவும் பிடிக்காது, எனக்குக் கையால் செய்த எதுவும் பிடிக்காது. பழைய சைக்கிள் கைப்பிடியை அறுத்து தூண்டில் குழாய் செய்தாய். செத்த பாட்டரியின் ஈயத்தை உருக்கி, மணலில் மூங்கிலால் குழி போட்டு ஊற்றி, தூண்டிலுக்குக் குண்டு வார்த்தாய். பஸ் டியூப்பைத் தைத்து இருக்கைக்கு மெத்தை போட்டாய். நானோ ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. சம்பளம் வந்ததும் டவுனுக்குப் போய் இங்கிலீஷ் ரீல், நைலான் நரம்பு என்று வாங்கி வந்து உன் மூக்குக்கு நேரே ஆட்டுவேன்.

"கடைக்காரன் உன் கூட கடலுக்கு வருவானாடா?" என்பாய்.

"உன் பாட்டரி ஈயத்தைப் பாத்தா மீனே சிரிக்கும்" என்பேன்.

அந்த நங்கூரத்தை மட்டும் நான் கிண்டல் செய்ததில்லை. கம்பியை வளைத்த நான்கு கொக்கி, பாறையில் மாட்டினாலும் பலமாக இழுத்தால் நிமிர்ந்து வந்துவிடும். அதைவிடப் பெரிது அந்த ஆப்பு. நங்கூரக் கயிற்றின் கண்ணியைச் சம்பானின் முன்முனை வளையத்துக்குள் விட்டு, ஒரு விரல் நீள மரத்துண்டைச் செருகியிருந்தாய். ஆப்பிலிருந்து ஒரு நூல் இருக்கை வரைக்கும் வரும். நூலை இழுத்தால் ஆப்பு உருவிக்கொள்ளும், கயிறு தன் மிதவையோடு போய்விடும், சம்பான் விடுபடும். "முன்னாடி போகவே கூடாது. இந்தச் சம்பான்ல முன்னாடி போனவன் திரும்பி வரமாட்டான். உக்காந்த எடத்துலேர்ந்தே அவுக்கணும்" என்று நீ அதற்கு விளக்கம் சொன்னாய்.

ஆற்றங்கரைப் பக்கம் படகுச் சாமான் விற்ற சீன முதலாளி, நம் தவுக்கே, அதைப் பார்த்துவிட்டு முப்பது செட் கேட்டார். பார்வைக்கு ஒரு செட்டைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். அவருக்குப் பிடித்துப்போனால் பட்டறை வேலையை விட்டுவிடலாம், முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த அந்த ஒற்றை அறையை எடுத்து உன் சொந்தப் பட்டறையைப் போடலாம் என்று நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். ஊரெல்லாம் கொடி கட்டியிருந்த சமயம். பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஒரு மாலை முழுக்க என்னிடம் பேசினாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத சங்கதி. எழுதிவிடுகிறேன்.

தவுக்கே முன்னால் அந்த மர ஆப்பு அசிங்கமாகத் தெரியும் என்று எனக்குப் பட்டது. இரும்பும் கயிறும் சரி, நடுவில் ஒரு மரக்குச்சியா? கடைக்குப் போய் ஒரு பித்தளைக் கொக்கி வாங்கினேன். சுருள்வில் வைத்த நாக்கு, தங்கம் மாதிரி மின்னியது. ஞாயிறு என் முறை. காலையில் உன் ஆப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொக்கியை மாட்டினேன், உன் நூலை அதன் நாக்கில் கட்டினேன். கரையில் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தேன், பத்துத் தடவையும் திறந்தது. மறுநாள் உன்னிடம் காட்டி உன்னை அசத்த வேண்டும் என்று நினைத்தேன். "என் சாமான்ல கை வைக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு வை" என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். சொல்லாமல் வைத்தேன்.

நன்றாக விடிந்த பிறகுதான் சுமத்ராப் பக்கத்திலிருந்து அந்தக் காற்று எழுந்தது. கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது, நான் தூண்டிலைச் சுற்றி முடிப்பதற்குள் தலைமேல் வந்துவிட்டது. அலை தூக்கியது, நங்கூரக் கயிறு விறைத்தது, சம்பானின் மூக்கு தண்ணீருக்குள் இழுபட்டது. நூலை இழுத்தேன். கொக்கி திறக்கவில்லை. கரையில் கயிறு தொய்ந்து கிடந்தபோது திறந்த நாக்கு, இழுவை ஏறியதும் அசையவே இல்லை. நூலைக் கையில் சுற்றிக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தேன், நூல் அறுந்தது. பிறகு, எதைச் செய்யக்கூடாது என்று சொன்னாயோ அதைச் செய்தேன். கத்தியோடு முன்னால் தவழ்ந்தேன். என் பாரமும் சேர்ந்துகொண்டது, அடுத்த அலையில் சம்பான் நிறைந்து கவிழ்ந்தது. பாக் மாட் தன் படகில் வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது வரை ஞாபகம் இருக்கிறது. சம்பானும் கொக்கியும் அடியில் போயின.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அந்த ஞாயிறு உனக்கு ஓவர்டைம், பட்டறைச் சட்டையோடேயே வந்திருந்தாய். நங்கூரக் கயிறு கழலவில்லை என்று பாக் மாட் உன்னிடம் சொல்லியிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் கட்டிலில் தலையை வைத்து அழுதாய். "மரம் ஊறி வளையத்துல இறுகிப் போச்சுடா. எனக்கு அது தோணாமப் போச்சே. என் ஆப்புதான்டா உன்னைக் கொல்லப் பாத்துச்சு" என்றாய். கொக்கி என்ற ஒரு சொல் என் தொண்டையில் இருந்தது. உப்புத் தண்ணீர் குடித்ததில் பேச்சு வரவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். பொய். நர்ஸிடம் தேத்தண்ணீர் கேட்டேனே, அது வந்ததே!

திங்கட்கிழமை நீ தவுக்கேயிடம் போய், செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாய். நான் செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாம், அந்த மாதத்துக்குள் சொல்லியிருக்கலாம். நீ கணக்குப் போட்டிருந்த அந்த ஒற்றை அறைக்குத் தையற்காரர் ஒருவர் வந்தார், அப்போதும் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டாய் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எழுதவே கூசுகிறது, நீ சொந்தப் பட்டறை போட்டுப் பெரிய ஆளாகிவிட்டால் என்னோடு சம்பானைப் பங்கு போட்டுக்கொண்டு கரைக்கு வருவாயா என்றும் ஒரு நினைப்பு இருந்தது. என் கூட்டாளி கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்று உன் பட்டறையைக் காவு கொடுத்தேன்.

நாம் வேறு சம்பான் வாங்கினோம். அதில் எல்லாம் கடைச் சாமான். எதையாவது எடுத்துக் கொடுத்தால், "கடையில வாங்கினதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் நீ கையில் வாங்குவாய். நான் ஆமாம் என்பேன். முப்பது வருஷம் இப்படிக் கேட்டாய். ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

நேற்று என்னால் தாங்க முடியவில்லை. கவிதாவைக் காரை எடுக்கச் சொல்லி, தெங்கேராவில் உன் மகன் செல்வம் வீட்டுக்குப் போனேன். உன் சாவு வீட்டுக்கு வந்தவர்களிடம் அவன்தான், "அப்பா செஞ்ச சாமான் ஒரு தடவ மாமாவையே முழுங்கப் பாத்துச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே மகனிடம் நேற்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஆப்பு, கொக்கி, நூல், ஆஸ்பத்திரி, தவுக்கே, ஒன்றையும் விடவில்லை. "உங்கப்பா கையில தப்பே இல்ல, தம்பி. அவர் ஆப்பு இருந்திருந்தா அன்னிக்குக் கழண்டிருக்கும்" என்றேன்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தலை முழுக்க நரைத்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்:

"எங்க வீட்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஆள் கூப்பிடுவாரு, மாமா. சின்ன வயசுல எனக்கு இதெல்லாம் ரொம்ப ஆசை. பலகை, கம்பி எதையாச்சும் எடுத்துக்கிட்டு உக்காந்தா, வந்து வாங்கி வச்சிடுவாரு. அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. 'வேணாம்யா, நம்ம கைக்கு அது வராது'ம்பாரு. நம்ம கைன்னுதான் சொல்வாரு. நானும் அப்படித்தான்னு நெனச்சு விட்டுட்டேன்."

அவன் கைகள் மடியில் இருந்தன. அறுபது வயதைத் தாண்டியும் ஒரு தழும்பு இல்லாத கைகள். ஆனால் விரல், கட்டைவிரல், மணிக்கட்டின் அகலம் எல்லாம் அப்படியே உன்னுடையவை. உன் இரண்டு கைகளைத்தான் கட்டிப்போட்டேன் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், நண்பா. நேற்றிலிருந்து நான்கு கைகளைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன்.