ஐந்தாவது நாற்காலி

என் தங்க அக்காவே,

'அன்பும் பாசமும் நிறைந்த' என்று ஆரம்பித்தால், "என்னடா, கடை நோட்டீஸா எழுதுற?" என்று கேட்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மியூசியத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

நீ போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் நம் குடைக்கடையில் கூட்டம் நெரிகிற நேரம். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பள்ளுருத்தி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து இடக்கொச்சிக்கு அலைகிறேன். காயலோரத்து நெல் கிடங்கில் நீ சேர்த்துவைத்த வயல் சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், டிரஸ்டில் உன் இடத்துக்கு ஓர் ஆள். இரண்டே பேர். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதுகூட இவ்வளவு கஷ்டமில்லை.

டிரஸ்டில் ஐந்து பேர் இருக்கவேண்டும் என்று பத்திரத்தில் எழுதவைத்தவளே நீதான். இப்போது நான்கு பேர். ஓணத்துக்குள் ஐந்தாவது ஆளைச் சேர்க்காவிட்டால் கிடங்கைக் காலி செய்யுங்கள் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, சும்மா கொடுத்த இடம். ஆனால் வயலில் தண்ணீர் இறைத்த அந்தப் பெரிய மிதிசக்கரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? குடைகளுக்கு நடுவிலா?

காவலுக்கு வைத்த ஆள் ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் சாவியைக் கடைக்கே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "சேட்டா, எனக்கு இந்த ஜோலி வேண்டா. சேச்சி அவிடெத்தன்னே உண்டு" என்றார். நீ இன்னும் அங்கேயேதான் இருக்கிறாயாம். பட்டப்பகலில், காற்றே இல்லாதபோது மிதிசக்கரம் முனகுகிறதாம். ஜன்னலோரம் யாரோ நிற்கிறாற்போல் இருக்கிறதாம்.

நான் சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த முனகலை நானும் கேட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் பழைய மரம் அப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

நீதானா அது, அக்கா?

டிரஸ்டுக்கு, தேவராவில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரைப் பிடித்தேன். ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்தார். மறுமுறை கேட்கப் போனால், மனுஷன் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். அதற்குப்பின் யாரிடம் போனாலும் நான் வாயைத் திறக்குமுன்பே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்கள். நம் டிரஸ்டில் இருக்கும் படகுக்கார வர்கீஸ் சேட்டனுக்குக் காரணம் தெரியும். என் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

காரணத்தை நானே சொல்கிறேன். திட்டாதே.

நம் கூட்டத்துக்கு எப்போதும் சாயாக்கடையிலிருந்து ஐந்து கிளாஸ் பால் விடாத கட்டன்சாயா வருமே, கிளாஸை வைத்தால்தானே கூட்டம் ஆரம்பிக்கும்? நீ போனபிறகும் நான் ஐந்துதான் சொன்னேன். ஐந்தாவதை உன் கைப்பிடி நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். போஸ்ட்மாஸ்டர் பாவம், வந்ததும் அதில் உட்கார்ந்தார். "சார், அது அக்கா நாற்காலி" என்று எழுப்பி பெஞ்சுக்கு அனுப்பினேன். பிறகு நோட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். முதல் பெயர் உன்னுடையது. 'வந்திருக்கிறார்' என்று எழுதினேன்.

முதல் தடவை பழக்கத்தில் வந்த பிழை, சத்தியமாக. அடுத்த தடவைகள் அப்படி இல்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

போன வியாழக்கிழமை கூட்டத்தின் நடுவில் கல்யாணிச் சேச்சி வந்தாள். மிதிசக்கரத்தை உனக்குக் கொடுத்தவள், இளவயதில் அதைத் தானே மிதித்தவள். காவல் வேலை கேட்டு வந்தாள். நேராகப் போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்து, ஆறிப்போயிருக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள்.

"எந்திரி! அது அக்காவோட நாற்காலி!" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் அசையவில்லை. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னாள்: "ஆரு பறஞ்சு? சேச்சி இதுல ஒரு நாளு உக்காந்து நான் கண்டிட்டில்லா. சாமான் சுமந்து வந்தவங்களுக்குத்தான் இந்தக் கசேர. 'இரிக்கு கல்யாணி, முதல்ல சாயா குடி'ன்னு நகத்திப் போடும். சேச்சி அந்த ஜன்னல்கிட்ட நின்னுதான் எழுதும்."

வர்கீஸ் சேட்டன் தரையைப் பார்த்துக்கொண்டே, "சரியாணு. பார்வதிச் சேச்சி அதுல ஒருக்காலும் இருந்திட்டில்ல" என்றார்.

எத்தனை கூட்டம் நடந்திருக்கும்! நீ உட்கார்ந்திருந்த ஒரு நாளை நினைவில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஜன்னல் கட்டையில் நோட்டை வைத்துக்கொண்டு நின்றே எழுதுவாய். உன் கூடப் பிறந்தவன் நான், அதை எப்படி மறந்தேன்? நீ போய்விட்டாய் என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல், நீ வரவேற்று உட்காரவைத்த ஊரையே விரட்டிவிட்டேன்.

கல்யாணியிடம் மன்னிப்புக் கேட்டேன். டிரஸ்டில் ஐந்தாவது ஆளாக இருக்கிறாயா என்றும் கேட்டேன்.

"டிரஸ்டா? எனக்கு ஒப்பு இட மட்டும் அறியும்" என்றாள்.

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சா போதும். எங்களுக்கும் அதுக்கு மேல தெரியாது" என்றேன். வர்கீஸ் சேட்டன் நெடுநாளைக்குப்பின் சிரித்தார். காவல் வேலைக்கு அவள் மருமகள் வருகிறாள். ஆனால் இருட்டுமுன் பூட்டிவிட்டுப் போய்விடுவாளாம். அவளும் ஏதோ கேள்விப்பட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் காவல்காரர் உன்னைப் பார்த்ததே கிடையாது. நீ எங்கே நிற்பாய் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. நாற்காலியில் யாரோ இருப்பதாக அவர் சொல்லவில்லை, அக்கா. ஜன்னலோரம் நிற்பதாகத்தான் சொன்னார்.

நாளைக்குக் கல்யாணி கையெழுத்துப் போடுகிறாள். அதற்குமுன் நோட்டில் உன் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று என் கையாலேயே எழுதுகிறேன். இனி ஐந்து கிளாஸ் சாயாவும் குடிக்கிறவர்களுக்குத்தான். ஜன்னலடியில் நெல் அளக்கும் பறைகளை அடுக்கலாம் என்றார் வர்கீஸ் சேட்டன். வேண்டாம் என்றேன். நான் இருக்கும்வரை அங்கே ஒரு சாமானும் வைக்கவிடமாட்டேன். நீ நிற்கிற இடம் அது.

உன் கூடப் பிறந்தும் உன்னைச் சரியாகப் பார்க்காத தம்பி,
சுப்பையா