பம்பரில் ஒட்டிய சாம்பல்

அன்புள்ள டோரதிக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாதா தயவில் நான் சுகம்.

எண்ணூர் உப்புக்காற்றில் கார்களின் கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்துவிடுகிறது. நேற்று ஒரு பம்பர் கறுப்பாகட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். மதியத்துக்குள் அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வந்த சாம்பல் முழுக்க ஒட்டிக்கொண்டது.

"இன்னா பெரியவரே, வண்டிக்கு விபூதி பூசிவுட்டியா?" என்று பட்டறை முதலாளி ரஹீம் பாய் சிரித்தார். பிறகு சிரிக்காமல், "நாளைக்கு வண்டிக்காரரு ஏதாச்சும் சொன்னா, நீ ஊருக்குக் கெளம்பு" என்றார்.

சோப்பு நீரில் கழுவி, காயவிட்டு, அதற்குரிய பாலிஷை மெல்லத் தேய்த்தேன். ஓரத்தில் இன்னும் திட்டு இருக்கிறதா, என் கண்தான் சரியில்லையா, தெரியவில்லை. நீ கவலைப்படாதே.

துடைக்க உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு.

பாய் கூப்பிடுகிறார், வண்டிக்காரர் வந்துவிட்டார். புடவையைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

உன் அன்புக் கணவன்,
சவரிநாதன்