கடைசிப் பதினோரு தாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
9-8-1938

என் பிரிய மகள் ஞானரத்தினத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் எனக்கு இங்கே பெரிய குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது இருக்கிறேன் என்று சொல்லிக் காட்டுகிறது. நீ பட்டணத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலையிலும் ஜெபம் பண்ணினேன், கோபத்தோடு பண்ணின ஜெபந்தான், ஆனாலும் பண்ணினேன். ஆடிப்பூரத் தேர்க் கூட்டம் கலைந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது, பள்ளிக்கூடத்துக்கும் லீவு முடிந்துவிட்டது. வத்திராயிருப்புப் பக்கம் நல்ல மழை என்கிறார்கள், இங்கே தூறலோடு சரி. நீ கேட்டிருந்த பால்கோவாவை வாங்கி டப்பாவில் அடைத்து மேல்விலாசமும் எழுதி வைத்திருந்தேன். பிறகு மனசு மாறி, நானும் தையல் டீச்சர் கிருபாபாயும் உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்துவிட்டோம். உனக்கு இந்த மாசம் கிடையாது.

கோபம் என்ன என்று நீ கேட்க மாட்டாய், உனக்கே தெரியும், ஆனாலும் நான் சொல்லாமல் விடப் போவதில்லை. போன வியாழக்கிழமை நீ வேலை பார்க்கிற அச்சாபீஸிலிருந்து என் நாவலின் புரூப் கட்டு பிழை பார்க்க வந்தது. இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலம் சாயங்காலமாய் எழுதினது, ஐம்பத்திரண்டு வயசில் முதல் புஸ்தகம், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். கிருபாபாயைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். ராஜபாளையத்தில் பஞ்சு ஜின்னிங் பாக்டரிக் கணக்கரான புருஷன் வீட்டிலிருந்து அமிர்தவல்லி ஒரு டிரங்குப் பெட்டியோடு புறப்படுகிற இடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைக்கிற இடம் எல்லாம் நான் எழுதினபடியே இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். நான் எழுதினது உனக்குத் தெரியும், அவள் தன் வாடகை வீட்டைத் தானே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடப்பாள், அத்தோடு கதை முடியும். புரூப்பில் இருந்தது என்ன? அமிர்தவல்லி ராஜபாளையத்துக்குத் திரும்பிப் போகிறாள். வாசலில் நின்று அழுகிறாள். புருஷன் வெளியே வந்து, வந்துட்டியா, சாப்பிட்டியா, உள்ள வா என்கிறான். அதற்கு மேல் வாசிக்க முடியாமல் காகிதத்தைக் கிருபாபாயிடம் கொடுத்துவிட்டேன். நான் இல்லாத நேரத்தில் யாரோ வீட்டுக்குள் புகுந்து என் அடுப்பிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

கட்டோடு நீ வைத்திருந்த கடிதத்தில், ஆபீஸில் ஒரு பண்டிதர் பார்த்தார், முடிவை அவர் கொஞ்சம் தொட்டிருக்கிறார், கோவிச்சுக்காதேம்மா, இப்படித்தான் வாசகர்கள் விரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நானும் நம்பினேன். முகம் தெரியாத அந்த மனுஷனை இரண்டு நாள் வாயார வைதேன், ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையில் சேர்க்கிற அளவுக்கு வைதேன். சனிக்கிழமை சாயங்காலம், நான் எழுதின ஒரு வரியைச் சரிபார்க்கலாம் என்று கட்டின் அடியைப் பிரித்தேன். புரூப்போடு கையால் எழுதின மூலத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்புவது எந்த அச்சாபீஸிலும் வழக்கம் என்று நீதான் எனக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாய், இந்தத் தடவை அது உனக்கே மறந்துபோய்விட்டது. எழுத்துக் கோக்கிற கம்பாஸிட்டரின் பெருவிரல் மை படிந்த என் தாள்கள் வரிசையாய் இருந்தன. கடைசிப் பதினோரு தாளை மட்டும் காணோம். அந்த இடத்தில் வேறு பதினோரு தாள் இருந்தது, அதில் இருந்தது உன் கையெழுத்து. ஏட்டி, கையைப் பிடித்துச் சிலேட்டில் உன்னை எழுத வைத்தவள் நான், எனக்கா தெரியாது? பண்டிதரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. நீ எழுதினதுகூட இரண்டாவதுதான், எழுதிவிட்டு இல்லாத ஒரு மனுஷன் தலையில் அதைக் கட்டினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்தக் கதையை யார் கையில் கொடுப்பது என்று நான் எத்தனை நாள் யோசித்தேன் என்பது உனக்குத் தெரியாது, சொல்லுகிறேன் கேள். முதலில் ஹைஸ்கூல் தமிழ்ப் பண்டிதர் சௌந்தரபாண்டியன் தானாக வந்து, பாஷையைச் செப்பம் பண்ணித் தருகிறேன் அம்மா என்றார். முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். பால்காரி அழகுத்தாய் கதையில், ஏட்டி செத்த நேரம் உக்காரு, காலு கடுக்கும்லா என்பாள். அவர் அதை, நங்காய், சிறிது பொழுது அமர்வாயாக, நின் பாதங்கள் நோகுமன்றோ என்று ஆக்கிக் கொண்டுவந்தார். பால் விற்கிறவள் அப்படிப் பேசினால் யார் வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டு அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் படிப்பில் குற்றம் இல்லை, என் கதைக்கு வேண்டிய உதவி அது இல்லை, அவ்வளவுதான். பிறகு கிருபாபாயிடம் முழுசையும் கொடுத்தேன். அவள் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. வாசித்துவிட்டு வந்து, மூணாவது அத்தியாயத்துல நீங்க பிரசங்கம் பண்ணுதீக, நான் தூங்கிட்டேன், ஏழாவதுல அவ ஏன் அழுதான்னு எனக்கு வெளங்கல என்று சொல்லிவிட்டுத் தையல் வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரு நாள் முழுக்க வருத்தம், மறுநாள் மூன்றாவது அத்தியாயத்தில் பாதியை அடித்துப் போட்டேன், ஏழாவதைத் திரும்ப எழுதினேன். கதை நிமிர்ந்தது அப்போதுதான். இனி பாக்கி எழுத்துப் பிழை மட்டும், அதற்கு என் மகளைவிட யார் வேண்டும் என்று உனக்கு அனுப்பினேன். பிழை மாத்திரம் பார், வேறு எதையும் தொடாதே என்று அடிக்கோடு போட்டு எழுதினேனே, அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறாயா, கிழித்துவிட்டாயா? கிருபாபாய் கேட்கிறாள், பொத்தான் வைக்கக் கொடுத்த சட்டைக்குக் கையை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுத்தால் அதற்குப் பேர் தையலா என்று. நாளைக்கு எத்தனையோ பேர் உன் மேஜைக்குக் கதை கொண்டுவருவார்கள். பிழை பார்க்கவா, நடையைச் சீர்படுத்தவா, கதை எங்கே இடிக்கிறது என்று சொல்லவா என்று எழுதினவர்களிடம் முதலில் கேள், அவர்கள் கேட்டதை மட்டும் செய், அதற்கு மேல் உன் மனசில் ஒன்று பட்டால் வாயைத் திறந்து சொல். எங்களுக்குத் தெரியாமல் எங்கள் கதைக்குள் உட்கார்ந்து எழுதாதே.

உன் கையெழுத்தைக் கண்டதும் முதலில் நான் உன் சித்தப்பா தேவஇரக்கத்தைச் சந்தேகப்பட்டேன். மே மாசம் அவர் ராஜபாளையத்திலிருந்து வந்து, அண்ணன் செத்து ரெண்டு வருசம் ஆவுது மதினி, இனிமேலாவது அவியள விட்டுருங்க, புஸ்தகத்துல வேற போட்டு இழுக்கணுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் உனக்கும் எழுதி, நீ ஊர் வாய்க்குப் பயந்து மாற்றிவிட்டாய் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிப்படவில்லை. ஊருக்குப் பயந்தவள் ஊர்ப் பேரை மாற்றியிருப்பாய், ஜின்னிங் பாக்டரியை அரிசி மில் ஆக்கியிருப்பாய். நீ அதில் ஒன்றையும் தொடவில்லை. என் கதையில் வாய் திறக்காத புருஷனைப் பேச வைத்திருக்கிறாய், அது ஒன்றுதான் நீ செய்தது.

உன் அப்பா என்னோடு பேசாமல் இருந்தது ஐந்து வருஷம். அவரைக் கேட்காமல் வாத்திச்சி வேலைக்கு மனுப் போட்டேன் என்ற ஒரே காரணத்துக்கு ஐந்து வருஷம். ஒரு அடி அடித்தது இல்லை, அதனால் என்ன குறை உனக்கு என்றுதான் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் உன்னிடம்தான் சொல்லி அனுப்புவார். உனக்கு நாலு வயசில் ஆரம்பித்து ஒன்பது வயசு வரைக்கும் அதுதான் வேலை. சோத்துல உப்பில்ல, மாட்டுக்குக் கொட்டச் சொல்லு அவள என்பார். நீ அடுக்களைக்கு வந்து, அம்மா, அப்பா கொஞ்சம் உப்பு கேக்காவ என்பாய். நான் ஏதாவது சுருக்கென்று சொல்லி அனுப்பினால் அதையும் அங்கே போய் வேறு மாதிரி சொல்லுவாய். வீடு எவ்வளவு பெரிசு, இரண்டு பேர் சொன்னதும் இரண்டு பேருக்கும் கேட்கும். கேட்டும் கேட்காதது மாதிரி நானும் இருந்தேன், அவரும் இருந்தார். உன்னை அதற்கு நாங்கள்தான் பழக்கினோம். இதை நினைத்த பிறகு நேற்று முழுவதும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஓடவில்லை. அதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது ஞானம். அப்போது உனக்கு விவரம் தெரியாத வயசு, இப்போது இருபத்தாறு வயசு. நான் அந்த வீட்டை விட்டு வந்தது தப்பு என்று பதினேழு வருஷமாய் உன் மனசில் இருந்திருந்தால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். என் கதையில் ஒளித்து வைத்து, அச்சிலும் ஏற்றி, என் பேரிலேயே எனக்குச் சொல்ல வேண்டுமா? அவர் பேச மாட்டாரே தவிர ஏமாற்ற மாட்டார். நீ பேசினாய், ஏமாற்றினாய்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். என் நாவலில் அந்த வீட்டில் குழந்தை இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் எடுத்துவிட்டேன் என்று என்னையே நம்ப வைத்திருந்தேன். பேசாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பிள்ளை நடந்துகொண்டே இருந்ததே, அதை எழுத எனக்கு வெட்கம், அதுதான் நிஜம். கிருபாபாய்க்கு அது தெரியாது, சௌந்தரபாண்டியனுக்கும் தெரியாது. கேட்கக்கூடிய ஒரே ஆள் நீதான். அந்த வீட்டுல பிள்ள இல்லையாம்மா என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால், உன்னை நான் வைதிருப்பேன், ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், பிறகு உட்கார்ந்து எழுதியிருப்பேன். இந்தப் புஸ்தகத்துக்கு வேண்டியிருந்த திருத்தம் அதுதான். நீ கேட்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன், கவனமாய்ச் செய். என் பழைய முடிவை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிப் புரூப்போடு வைத்திருக்கிறேன். அதைத்தான் எழுத்துக் கோக்க வேண்டும், ஒரு வார்த்தை மாறக் கூடாது. உங்கள் முதலாளிக்கு அது சம்மதம் இல்லை என்றால் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பு, புஸ்தகம் வராமல் போகட்டும், நான் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன். அச்சுக்குப் போகும் முன்னே உனக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், பென்சிலால் ஓரத்தில் கேள், பதில் நான் எழுதுவேன், எத்தனை நாள் ஆனாலும் எழுதுவேன். கிறிஸ்துமஸுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம், வருவதானால் ஒரு கார்டு போடு. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் புரூப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. ஆண்டவர் உன்னைக் கையில் ஏந்திக்கொள்ளட்டும், உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும். மறக்காமல் இன்னொன்று, உன் தாள் பதினொன்றில் பத்தைத்தான் திருப்பி வைத்திருக்கிறேன். ஒன்று குறைகிறது என்று தபாலாபீஸில் போய் விசாரிக்காதே. உன் அப்பா என்னிடம் சாப்பிட்டியா என்று கேட்கிற தாள் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஏ. தேவகிருபை