ராயபுரத்துப் பலூன் துப்பாக்கி

நேற்று மாதா கோயில் திருவிழாவில், பலூன் சுடும் கடை ஒன்றின் முன் நின்றேன். துப்பாக்கியைக் கையில் வாங்கிக் குழலை மடக்கினேன். கீலில் லொடலொடவென்று ஒரு ஆட்டம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரன்மேல் வந்த கோபம் இல்லை. உங்கள்மேல்தான். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் தீராத கோபம்.

நமக்குக் கல்யாணமான புதிது. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குவீர்கள். திருவிழா வந்தால் மாலையில் குத்தகைக்காரர் ஒருவரின் பலூன் கடையைப் பார்த்துக்கொள்வீர்கள். ஒருநாள் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களோடு மூட்டை தூக்குகிறவர்களே கூலியைக் கொண்டுவந்து தோற்றுவிட்டுப் போகிறார்கள், எவனுடைய குறியும் படவில்லை, துப்பாக்கியே கோணல் என்றீர்கள்.

மறுநாள் அதை வீட்டுக்கே எடுத்துவந்தீர்கள். குழலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தது நான். கீல் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தது. பவுடர் டப்பாத் தகரத்தை வட்டமாக வெட்டி இரண்டு பக்கமும் கொடுத்து, கீலாணியை முறுக்கினீர்கள். துப்பாக்கியின் மரக்கட்டைத் திருகுகளையும் இறுக்கினீர்கள். குழல் மடங்கும் இடத்தில் காற்று கசிந்தது. என் பழைய செருப்புத் தோலில் வாஷர் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினோம். முனையில் குறி பார்ப்பதற்கு இருந்த முள்ளை வேண்டுமென்றே வளைத்திருந்தார்கள். அதையும் நிமிர்த்தினீர்கள். கொல்லையில் பலகை சாய்த்து, கரிப்புள்ளி வைத்து, முதலில் நான்தான் சுட்டேன். குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் பதிந்தன.

"இப்போதான் நாயமா கீது," என்று சிரித்தீர்கள்.

அன்று மாலை நானும் கடைக்கு வந்திருந்தேன். பலூன்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. உங்களோடு மூட்டை தூக்குகிறவர்கள் சோப்புப் பெட்டியும் கண்ணாடி டம்ளருமாகப் பரிசுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். குத்தகைக்காரர் வந்தார், குழலை மடக்கிப் பார்த்தார், அத்தனை பேர் முன்னாலும் உங்கள் கன்னத்தில் அறைந்தார். பழையபடி தளர்த்தி வைக்கச் சொன்னார்.

"என் கையால அத்தக் கெடுக்க மாட்டேன்," என்றீர்கள். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள்.

அதுவரைக்கும் எனக்குப் பெருமைதான். சாமானை உடைத்துவிட்டதாக அவர் புகார் கொடுத்து, உங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பரிசு வாங்கியவர்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். துப்பாக்கி நன்றாகச் சுட்டது என்று ஒருவராவது வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"நமக்கு இன்னாத்துக்கும்மா பேஜாரு," என்றார் ஒருவர். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஸ்டேஷனில் அடிபட்டு விரல்கள் வீங்கி வந்தீர்கள். அந்தக் கை அப்புறம் மூட்டைக் கொக்கியைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. அப்படியும் கொஞ்ச நாளில் அதே ஆட்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் தெருவிலேயே கத்தினேன்.

"புள்ளகுட்டிக்காரனுங்க, பயந்துகினானுங்க. வுடு மேரி," என்றீர்கள்.

எப்படி விடுவது? ஒத்தடம் கொடுத்தவள் நான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நீங்கள் படுத்திருந்ததைப் பார்த்தவள் நான். மன்னிக்கிற உரிமையை மட்டும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

உங்கள் அடக்கத்துக்கு அவர்களும் வந்தார்கள். பெட்டிக்குத் தோள் கொடுக்க நெருங்கினார்கள். நான் குறுக்கே நின்றேன். நானும் நம் இரண்டு பெண்களும் உங்கள் தங்கையும்தான் தூக்கினோம். பொம்பளைங்க தூக்குவதா என்று தெருவே முணுமுணுத்தது. கல்லறை வரைக்கும் ஓரிடத்திலும் இறக்கி வைக்கவில்லை. அந்தக் கனம் இன்னும் என் வலது தோளில் இருக்கிறது. இருக்கட்டும்.