கூண்டில் ஏறாத சாட்சி

மார்ச் 4

மச்சானுக்கு,

நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இருவருமே இல்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். லாக்கப்பில் இருந்தபோது என் பிரஷர் மாத்திரையும் மாற்றுச் சட்டையும் கொண்டுவந்து கொடுத்தாய். நன்றி. உன் அக்காவை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனவனும் நீதான். தீ வைத்தவனே வாளியோடு ஓடிவந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் மாத்திரை மாத்திரைதான்.

கோர்ட் உத்தரவு உனக்கும் வந்திருக்கும். வழக்கு முடியும்வரை நான் உன் அக்காவோடோ குட்டியோடோ பேசக் கூடாது, வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது. குட்டியின் படிப்பு, வீட்டுத் தேவை இவற்றை மட்டும் உன் மூலம் தெரிவிக்கலாம், அதுவும் எழுத்தில் மட்டும். கல்லூரியில் காலமெல்லாம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், சொந்த மகளைப் பற்றிப் பல்செட் கட்டுகிற உன்னிடம் மனுப் போட வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. ஊரே உன்னைப் ‘பல்லு’ என்றுதானே கூப்பிடுகிறது.

சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்திருக்கிறேன். கீழே இஸ்திரி போடுகிற சூடு தரை வழியாக ஏறுகிறது. கல்லூரி என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டது. வக்கீலம்மாவுக்கு என் மாணவிகளின் வயதுதான், ஆனால் என்னை அதட்டுகிறார். “சார், கேஸைப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க. சமாதானம் பேச யாரையும் அனுப்பாதீங்க. அதுவே தனிக் குற்றமாயிடும்” என்கிறார். என் தரப்பு எளிமையானது. சமையலறைத் தரை ஈரமாக இருந்தது. உன் அக்கா வழுக்கி விழுந்தாள். தொட்டி விளிம்பில் மணிக்கட்டு அடிபட்டது. குட்டி தன் அறையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பார்க்கவில்லை என்று அவள் வந்து சொன்னால் போதும், வழக்கு நிற்காது.

இன்னொன்று. குளியலறை ஹீட்டரில் மின்கசிவு இருக்கிறது. நான் மரக்குச்சியால்தான் சுவிட்சைத் தட்டுவேன். குட்டி ஈரக் கையோடு தொட்டுவிடப் போகிறாள். சொல்லிவிடு.

உன் கல்யாணத்தில் என்னை மேடைக்குக் கூப்பிடாமலே குடும்பப் படம் எடுத்துக்கொண்டவர்கள் நீங்கள். அதையே நான் மறக்கவில்லை. இதையும் மறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அத்தான்

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். தீர்ந்தால் எழுதுங்கள், வாங்கி அனுப்புகிறேன்.

அக்காவின் கை மாவுக்கட்டில் இருக்கிறது. அதனால் இப்போதைக்கு இங்கேயே தங்கி, குட்டிக்கு நான்தான் தலை பின்னிவிடுகிறேன். பல்லை வரிசையாக அடுக்கத் தெரிந்த எனக்கு முடியை வரிசையாகப் பிரிக்க வரவில்லை. “மாமா, இது பின்னலா, கிணத்துக் கயிறா?” என்கிறாள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம்.

ஹீட்டர் விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி. உண்மையாகவே சொல்கிறேன், எங்களுக்குத் தெரியாது. அதன் மின்சாரத்தையே துண்டித்துவிட்டோம். இப்போதைக்கு அடுப்பில்தான் வெந்நீர். எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றாள். “ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா” என்றேன். “முதல்ல ஸ்டேஷன்” என்றாள். நான் வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான்.

மேடைக்கு உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பினோம் அத்தான். நீங்கள் அப்போது சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தீர்களாம். கூப்பிடப் போனவன் பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டான்.

அன்புடன்,
பல்லு

மார்ச் 19

மச்சானுக்கு,

எலக்ட்ரீஷியன்களின் சனிக்கிழமை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது வராது. பரீட்சை நேரத்தில் குழந்தை பச்சைத் தண்ணீரில் குளித்துக் காய்ச்சலில் படுத்தால் யார் பொறுப்பு? வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். என்னிடம் ஒரு சாவி இருந்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றி, எர்த் கம்பியைச் சரியாக இணைத்து, மின்சாரத்தையும் திரும்பக் கொடுத்து, தரையைக்கூடத் துடைத்துவிட்டு வந்தேன். யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். அவர் வீட்டு ஃபேன் நிற்கும்போதெல்லாம் ஓடிப்போய்ச் சரிசெய்து கொடுத்தவன் நான். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “உத்தரவில் ஹீட்டருக்கு விலக்கு என்று எங்காவது போட்டிருக்கிறதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை மீறினால் ஜாமீன் ரத்து, வழக்கு முடியும்வரை உள்ளே இருக்க வேண்டியதுதான். வெளியே வந்ததும் வக்கீலம்மா, “நான் ஒரு பக்கம் கட்டிட்டே வரேன், நீங்க பின்னாடியே இடிச்சுட்டு வரீங்க சார்” என்றார்.

நல்லது செய்யப்போனவனுக்கு இதுதான் மரியாதை. உனக்கு மனசாட்சி இருந்தால் உன் அக்காவிடம் இரண்டே வார்த்தை சொல். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். இத்தனை வருடக் குடித்தனம். நடந்தது ஒரு நிமிட விஷயம்.

அத்தான்

மார்ச் 24

அத்தானுக்கு,

அந்த இரண்டு வார்த்தையை நான் அக்காவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இன்னொரு முறை எழுதினால் அதை நேரே அரசு வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். உங்களை உள்ளே தள்ளுவதற்காக அல்ல. நீங்களே போய் விழுந்துவிடக் கூடாது என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன்.

நல்லது செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அன்று அக்கா வேலையிலிருந்து வந்து குழாயைத் திறந்தாள். வெந்நீர் வந்தது. தோள்பையைக்கூட இறக்காமல் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்து, கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் உள்ளே வந்தாள். பூட்டை மாற்றிவிட்டோம்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று குட்டி தன் அறையில் இல்லை. பாதி காலியான தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளச் சமையலறை வாசல்வரை வந்திருக்கிறாள். நீங்கள் அக்காவின் தோளைப் பிடித்ததையும் பார்த்தாள், தள்ளியதையும் பார்த்தாள். தரை ஈரம் என்கிறீர்களே, அத்தான், அது அவள் கையிலிருந்து விழுந்த பாட்டில் தண்ணீர். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அறைக்கு ஓடிவிட்டாள்.

நேற்று கண்ணாடி முன்னால் நின்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். “நான் எதையும் பாக்கலை சார். நான் எதையும் பாக்கலை மேடம்.” எந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்துவது என்றுகூடப் பழகிப் பார்க்கிறாள். என்னைக் கண்டதும், “மாமா, ஜட்ஜ் ஆம்பளையா, பொம்பளையா?” என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பியவள் ஆகிவிடுவாளாம். பொய் சொன்னால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியவள் ஆகிவிடுவாளாம். ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இதை உங்களுக்கு எழுதலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வக்கீலம்மாவிடம் காட்டுங்கள். குட்டி எழுதச் சொல்லவில்லை.

பல்லு

ஏப்ரல் 6

மச்சான்,

உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். கடைசியில் நீ சொன்னபடியே வக்கீலம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு நாற்காலியை எனக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“இது உண்மையா சார்?”

“தரை ஈரமா இருந்தது” என்றேன்.

“முன்னாடியா, பின்னாடியா?”

மேசையில் கிடந்த உன் கடிதத்தை மடித்து அவர் பக்கமே தள்ளினேன்.

“இனிமே வழுக்கி விழுந்தாங்கன்னு நான் வாதாட முடியாது. பொய்னு தெரிஞ்ச சாட்சியை ஏத்தவும் மாட்டேன். ஆனா குற்றத்தை ஒத்துக்கணும்னு உங்களுக்குக் கட்டாயம் இல்லை. நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை. நீங்க வாயைத் திறக்காம உட்காரலாம். அது உங்க உரிமை.”

“குட்டி?”

“நான் கூப்பிட மாட்டேன். அவங்க கூப்பிடுவாங்க. உங்க மனைவியைத் தவிர வீட்டுல இருந்தது அவ ஒருத்திதான்.”

“ஒத்துக்கிட்டா?”

“விசாரணையே இல்லை. யாரும் கூண்டுல ஏற வேண்டாம். ஆனா தண்டனை உங்க பேர்ல பதிவாயிடும், அது கடைசிவரைக்கும் அழியாது. காலேஜ் வேலை கிட்டத்தட்டப் போயிடும். ஜெயிலும் கிடைக்கலாம். முதல் குற்றம்னு சொல்லிக் குறைக்கப் பார்ப்பேன். ஹீட்டர் விவகாரம் எதிரா நிக்கும்.”

“இதுல எனக்குச் சாதகமா ஒண்ணுகூட இல்லையேம்மா.”

“இல்லை சார். உங்களுக்கு இல்லை.”

பன்னிரண்டாம் தேதி ஒத்துக்கொள்ளப் போகிறேன். இதைக் காட்டி உங்களிடம் எதையும் கேட்க மாட்டேன். உன் அக்காவுக்கு அரசு வக்கீல் முறைப்படி தெரிவிப்பார். நீ முந்திக்கொள்ளாதே. எல்லாம் முடிந்த பிறகு, கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று குட்டியிடம் சொன்னால் போதும்.

அத்தான்

ஏப்ரல் 14

அன்புள்ள அத்தானுக்கு,

கோர்ட்டில் நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். “நான் தள்ளினேன்” என்று நீங்கள் சொன்னது நீதிபதிக்கு எட்டவில்லை. உரக்கச் சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை வகுப்பெடுக்கிற குரலில் சொன்னீர்கள். வெளியே நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் குட்டியிடம் சொன்னேன். “அப்ப நான் போக வேண்டாமா?” என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, “நிஜமாவே வேண்டாமா மாமா?” என்று மறுபடியும் கேட்டாள். பிறகு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எனக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டாள். நான் பசியோடுதான் படுத்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் பட்டினி கிடந்ததில்லை.

நன்றி அத்தான்.

அன்புடன்,
பல்லு

மே 30

அன்புள்ள மச்சான்,

தீர்ப்பு விவரம் உனக்குத் தெரிந்திருக்கும். சிறைத் தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். இரண்டு வருடக் கண்காணிப்பு. அதற்குள் தவறினால் உள்ளே. உன் அக்காவை நெருங்கக் கூடாது என்பது அப்படியே தொடர்கிறது. கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிரிவுபசார விழா எல்லாம் இல்லை. என் மேசையில் இருந்தவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வாயில் காவலரிடம் கொடுத்திருந்தார்கள். இப்போது ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறேன்.

வாரம் ஒரு முறை, என்னைப் போன்றவர்களுக்கான வகுப்புக்குப் போகிறேன். கடைசி பெஞ்ச். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர். முதல் நாள் ஆளாளுக்கு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். ஒருவரின் மனைவி தானே போய்க் கதவில் மோதிக்கொண்டாளாம், இன்னொருவருக்குக் கை தவறிவிட்டதாம். டிரைவர் என் காதில், “இங்க இருக்கிறவன் யாருமே எதுவும் செய்யலை போலிருக்கே சார்” என்றார். என் முறை வந்தபோது ஈரத்தரை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

எனக்குக் கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. கீழ்வீட்டுக்காரரை இன்னும் மன்னிக்கவில்லை. அவர் செய்தது சரி என்று தெரிகிறது, அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்று உன் அக்கா வாசலில் வந்து நின்றபோது, “நீ வீட்டுக்குப் போ, நான் அத்தான்கிட்ட பேசிக்கறேன்” என்று அவளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். நம் இரண்டு குடும்பத்திலும் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நீ வந்திருப்பாய், நான் காப்பி கொடுத்திருப்பேன், இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு பிரிந்திருப்போம். அடுத்த முறை மணிக்கட்டோடு நின்றிருக்காது. எனக்குத் தெரியும். நீ வண்டியை எடுத்தாய். அதற்கு நன்றி.

நமக்குள் கடிதம் எழுதச் சொன்ன ஏற்பாடு தீர்ப்போடு முடிந்துவிட்டது. இனி எல்லாம் கண்காணிப்பு அதிகாரி வழியாகத்தான். இந்தக் கடைசிக் கடிதத்தை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். நேற்று அவர் கூப்பிட்டிருந்தார். குட்டி விரும்பினால் மாதம் ஒரு முறை அவர் அறையில் வைத்து என்னைப் பார்க்கலாம் என்று உத்தரவில் இருக்கிறது. அவளைக் கேட்டிருக்கிறார்.

“இப்ப வேண்டாம்னு சொல்லிட்டா சார்.”

“பயந்துக்கிட்டா சொன்னா?”

“இல்ல சார். என்னை நேராப் பாத்துத்தான் சொன்னா. எப்ப வரணும்னு தோணுதோ அப்ப நானே சொல்றேன்னா.”

நான் அவருக்கு மனமார நன்றி சொன்னேன். எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பாவம், நிதானமாக இன்னொரு முறை சொன்னார்.

அன்புடன்,
அத்தான்