ஞாயிற்றுக்கிழமைக் கோப்பி அரை மணி பிந்தும்

அன்பு அப்பா,

படத்துக்குள் சௌகரியமாக இருக்கிறீர்கள். இங்கே அம்மா என் உயிரை எடுக்கிறார்.

பெடாஸ் பசாரில் காய்கறி வாங்கப் போனவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. உங்களுக்கு முதலில் முறிந்த அதே பக்கம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே இரும்பு வைத்தார்கள். இப்போது வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறார். கால் சரியாகிவிட்டது என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு.

கால் சரி. எலும்பு? சும்மா விழுந்ததற்கே முறிகிறதென்றால் எலும்பு பலமிழந்துவிட்டது, மருந்து எடுக்காவிட்டால் மறுபக்கமும் போகலாம் என்றார் டாக்டர். உங்களிடமும் இதையேதான் சொன்னார்கள். "இரும்பு வெச்சாச்சு, அப்புறம் என்னா மருந்து?" என்று மாத்திரையை அலமாரியில் போட்டீர்கள். மறுபக்கமும் போனது. பிறகு நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

அந்த வசனத்தை அம்மாவுக்கு விட்டுப் போயிருக்கிறீர்கள்.

வாரம் ஒரே மாத்திரை, ஞாயிறு காலை. எழுந்ததும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அரை மணிக்கு வேறெதுவும் குடிக்கக்கூடாது, படுக்கக்கூடாது. இது பெரிய வேலையா?

போன ஞாயிறு அம்பாங்கானில் என் வீட்டிலிருந்து வந்தபோது கண்ணால் பார்த்தேன். உங்கள் படத்தின் முன் உங்களுக்குப் பாலில்லாத கோப்பி ஓ. தன் கோப்பியில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்கிறார். நெஞ்செரிகிறது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று புகார் வேறு.

"ம்மா, தண்ணியில போடணும். கோப்பி அப்புறம்."

"அந்த மனுசன ஒத்தையில குடிக்கச் சொல்றியா?"

"அப்பாவுக்கும் அப்புறம் வைங்க. காத்திருப்பாரு லா."

"ஒங்கப்பாவா? கோப்பிக்கா? யூனிவர்சிட்டியில இதான் படிச்சியா?"

எதற்குத்தான் காத்திருந்தீர்கள் நீங்கள்?

இன்று காலை உங்கள் எனாமல் குவளையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் படத்தின் முன் வைத்தேன். அம்மா அதையே பார்த்தார்.

"திட்டுவாரு."

"என்னையத் திட்டட்டும்."

தண்ணீரில் விழுங்கினார். உங்களுக்கு எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அரை மணியும் என்னைத் திட்டினார். உங்கள் சார்பாகவும்தான். பிறகு இருவருக்கும் கோப்பி வந்தது. சூடாக.

இனி ஞாயிறுதோறும் வருவேன். முதலில் தண்ணீர்தான். கோபமிருந்தாலும் அம்மாவோடு உட்காருங்கள், உயிரோடிருந்தபோது செய்யாததை இப்போதாவது செய்யுங்கள். அம்மாவை இப்போதைக்கு உங்களிடம் அனுப்புவதாக இல்லை.

உங்கள் பிடிவாதம் அப்படியே வாய்த்த
மூத்த மகள்